கடல் தாண்டிய ஊழியம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில், 2016 முதல் 2019 வரை மலாவி நாட்டின் தெற்கே, முலாஞ்சே மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காத நர்ஸாக வேலை பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 26 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருஷம் ஆகிறது. ஆப்பிரிக்காவில் இரண்டு வருஷம் ஊழியம் செய்ய வேண்டும் என்று மனதில் பெரிய பாரம். சம்பளம் இல்லை என்றால் செலவை யார் பார்ப்பது? அம்மா வேறு தினமும் அழுகிறார்.
- ஒரு வாசகி, நாகர்கோவில்

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் நம் சபைகளில் இதைப் பேசக் கூச்சப்பட்டே பல பிள்ளைகளைச் சிக்கலில் மாட்டிவிடுகிறோம். விமான டிக்கெட், இன்சூரன்ஸ், வேலை அனுமதிச் செலவு, அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவுக் கட்டணம் (பதிவு இல்லாமல் ஒரு ஊசிகூடப் போடக் கூடாது, யார் என்ன சொன்னாலும் சரி), வீட்டு வாடகை, சாப்பாடு, இத்தனைக்கும் பணம் வேண்டும். நீங்கள் சம்பளம் வாங்காவிட்டால் அதை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு எங்கள் சபையும் 34 குடும்பங்களும் சுமந்தார்கள். முதல் வருஷம் எல்லோரும் அனுப்பினார்கள். இரண்டாம் வருஷம் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள், ஒருவர் வீட்டில் கல்யாணம், ஒருவர் வீட்டில் ஆபரேஷன், யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் ஒரு அம்மா மட்டும் மாதம் 300 ரூபாயைக் கடைசி மாதம் வரை நிறுத்தவில்லை. பிளான்டயர் நகர மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போதெல்லாம் அவர் கால் தையல் மெஷினை மிதிப்பது என் கண்ணில் வரும். அதனால் தக்காளிக் கணக்கைக்கூட ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன், ஊருக்கு வந்ததும் அந்த நோட்டை அவரிடம் காட்டினேன்.

உங்களை அனுப்புகிற நிறுவனத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். காணிக்கை குறைந்தால் திரும்பி வரும் டிக்கெட்டை யார் எடுப்பார்கள், கடுமையாக நோய் வந்தால் உங்களை அங்கிருந்து கொண்டுவரும் செலவு யாருடையது, உங்களிடம் யாராவது தவறாக நடந்தால் எந்த மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் கொடுக்காமல் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்தான், ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். என்னை அனுப்பியவர்கள், காணிக்கை கொடுப்பவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்துக்கு எலும்பும் தோலுமான பிள்ளைகளின் போட்டோ கேட்டார்கள், அப்போதுதான் காணிக்கை வரும் என்றார்கள். முதல் கடிதத்துக்கு ஒரு படம் அனுப்பினேன். அந்தக் குழந்தையின் தாயிடம் அது எதற்கு என்று நான் சரியாகச் சொல்லவே இல்லை. உங்கள் பிள்ளை வார்டில் கிடக்கும் படத்தை முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அனுப்பவில்லை. நீங்கள் முதல் தடவையே அனுப்பாதீர்கள்.

அம்மாவைப் பற்றி: அழட்டும், அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள். நிறுவனத்தாரிடம் பேசப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கேட்க நினைப்பதை எல்லாம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். மலாவி நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நான் வேலை முடித்து ஆறரை மணிக்குப் போன் செய்தால் இங்கே பத்து மணி, என் அம்மா சாப்பிட்டு முடித்துப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தை நான் தவறவிட்ட நாட்களில் அவர் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் கிறிஸ்தவன் இல்லை. உங்கள் கட்டுரை பிடித்திருந்தது, ஆனாலும் நேராகவே கேட்கிறேன். வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மதம் மாற்றத்தானே போகிறீர்கள்?
- ஒரு வாசகர், மதுரை

நேராகக் கேட்டதற்கு நன்றி அண்ணா. மலாவியில் முக்கால் பங்குக்கும் மேல் கிறிஸ்தவர்கள்தான். மலாவி ஏரிப் பக்கம் வாழும் யாவோ இன மக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். நான் போய் மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் விசுவாசத்தைப் பற்றி அவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் உங்கள் கேள்வியை இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகவும் எனக்கு மனசில்லை. என் விசுவாசம் இல்லாவிட்டால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன், அதை மறைத்தால் பொய் சொன்னவள் ஆவேன்.

அங்கே ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலம் நவம்பரில் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது வயலில் பச்சையாக நிற்கும், கொசுவும் பெருகியிருக்கும். நான் போன 2016-ல் வறட்சி வேறு, ஏப்ரலில் நாடே பேரிடர் நிலையை அறிவித்தது. அதையடுத்த மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், ராத்திரி நேரத்தில் நானும் ஒரு நர்சிங் மாணவியும் மட்டும். மலேரியா ரத்தத்தை அரித்துவிட்டால் பிள்ளையின் உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்துப் போகும், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. அந்த நிமிஷம் ரத்தம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது. ஒரு ராத்திரி அப்படி வந்த ஒரு குழந்தையின் அம்மா, நீல நிறத் தலைமுக்காடு போட்ட இஸ்லாமியப் பெண், கையை நீட்டிக்கொண்டு நின்றார், என் ரத்தத்தை எடுங்கள் என்று. ரத்தம் சேர்ந்தது, ஏற்றினோம், பிள்ளை பிழைத்தது. விடியற்காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. எங்கள் சீனியர் சிஸ்டர், அந்த ஊர்க்காரர், முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர், அதை என் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஊசி போடும் கையில் சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம், இப்போது அவளால் உன்னிடம் எதற்கும் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது என்றார். மறுக்க முடியாதவரிடம் பேசுவது சாட்சி ஆகாது என்பதை நான் அவரிடம் கற்றேன். எல்லா மிஷனரிகளும் இப்படி இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அந்த வார்டில் எங்கள் சட்டம் இது.

சாப்பாட்டுக்கும் மொழிக்கும் என்ன செய்தீர்கள்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

சாப்பாட்டில் கஷ்டமே இல்லை. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சிமா நம் களிதான், நிறம் மட்டும் வேறே. கையில் உருட்டிக் கீரையிலோ மீன் குழம்பிலோ தொட்டுச் சாப்பிட வேண்டும். ஏரியில் பிடித்துக் காயவைக்கும் உசிபா என்கிற பொடிமீனை தக்காளி வெங்காயம் போட்டு வதக்கினால், தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு நெத்திலிக் கருவாடு ஞாபகம் வரும். சாப்பிடும் முன் வீட்டுப் பெண் ஒருத்தி குவளையும் பாத்திரமுமாக வந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றுவாள். முதல் நாள் நான் ஸ்பூன் கேட்காமல் கையால் சாப்பிட்டதைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி கைதட்டிச் சிரித்தார்.

மொழி சிச்சேவா. அதிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. 'இவே' என்றால் நீ, 'இனு' என்றால் நீங்கள். தாய்மார் பிள்ளைகளை இவே என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் பேச்சுவழக்கு என்று நினைத்து, வார்டில் வேலை பார்த்த ஒரு பெரியவரை இவே என்று கூப்பிட்டுவிட்டேன். வார்டே அமைதியாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் தனியாக வந்து 'இனு' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் அறுபது வயதுக்காரரை ஒரு வெளிநாட்டுப் பெண் 'ஏய்' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதமாவது மொழிக்கு என்று ஒதுக்காமல் வேலையில் இறங்காதீர்கள்.

தமிழர்கள் மிஷனரிகளாக வெளியே போன வரலாறு உண்டா? வெள்ளைக்காரர்கள் வந்த கதைதானே எல்லோரும் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது ஐயா. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் காணிக்கை சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1902-ல் யாழ்ப்பாணம் போன திருநெல்வேலிக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிச் சபை ஏன் சும்மா இருக்கிறது என்ற கேள்வியோடு திரும்பினார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1909-ல் அவரே தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல்லுக்கு, போனார். மறு வருஷம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் பேசும்போது, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். நூறு வருஷத்துக்கும் மேலாகியும், இன்று நாம் மிஷனரியாகப் போகும் ஊர்க்காரர்கள் நம்மிடம் கேட்பதும் இதைத்தான்.

மலாவியிலும் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்து மிஷன் 1875-ல் ஏரிக்கரையில் கேப் மெக்ளியரில் இறங்கியது, மலேரியாவுக்கு ஆட்களைப் பறிகொடுத்து 1881-ல் பண்டாவேக்கு நகர்ந்தது. ஆனால் அங்கிருந்த ந்கோனி இன மக்களிடம் மிஷனுக்கு வாசலைத் திறந்தவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1876-ல் மனமுவந்து வந்த கோசா இனத்தவர் வில்லியம் கோயி. அவர் தாய்மொழி ந்கோனி மக்களின் மொழிக்கு உறவுமொழி. 1886-ல் அங்கேயே இறந்தார். அவர் பெயரை நம் ஞாயிறு பள்ளிகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, சொல்ல வேண்டும்.

தடுப்பூசி, மலேரியா பற்றிச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், சென்னை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட வேண்டும், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போய் வருகிறவர்கள் அந்தச் சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள். மலேரியாவுக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டரிடம் கேளுங்கள். கொசுவலை ஒரு ராத்திரிகூட விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

இந்த மூன்று வருஷத்தில் உங்களுக்கு மிகக் கஷ்டமான நாள் எது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

2018 ஜூலையில் என் அப்பா இறந்த நாள். ஜூன், ஜூலையில் அங்கே சிப்பெரோனி என்கிற குளிர்ந்த தூறல் மலையிலிருந்து இறங்கி நாள் கணக்கில் நிற்கும், தேயிலைத் தோட்டமெல்லாம் பனிமூட்டத்தில் மறைந்திருக்கும். அப்படி ஒரு மத்தியானம் தம்பி போன் செய்தான். டிக்கெட் பார்த்தால் நான் வீடு சேர மூன்று நாள் ஆகும். அதுவரை வைக்க முடியாது, அடக்கம் நாளைக்கே என்றார்கள். போகவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இருட்டியதும் வெளியே 'ஓடீ' என்று குரல். அங்கே கதவைத் தட்ட மாட்டார்கள், முற்றத்தில் நின்று ஓடீ என்பார்கள், உள்ளே இருந்து ஓடினி என்றால்தான் வருவார்கள். திறந்தால் சபையின் பெண்கள் சங்கத்துக்காரர்கள், ம்வானோ என்பார்கள், பதினைந்து பேருக்கு மேல் இருக்கும். ஒருத்தி தலையில் விறகுக்கட்டு, ஒருத்தி கையில் மாவு. யாரும் ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. 'பெப்பானி, பெப்பானி' (வருத்தமாக இருக்கிறது) என்று மட்டும் சொல்லி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி பாட்டெடுத்தாள், மெதுவாக, நாலு குரலில். நம் ஊரில் துஷ்டி வீட்டில் பெண்கள் வந்து உட்காருவது மாதிரியேதான். ராத்திரி அவர்கள் போகவே இல்லை. சிதெஞ்சே துணியை விரித்து என்னைச் சுற்றித் தரையில் படுத்துக்கொண்டார்கள். காலையில் போகும்போது துக்க வீட்டுக்கென்று சேர்த்த பணத்தை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார்கள், அழுக்கான சின்னச் சின்ன நோட்டுகள். அதைக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் வீட்டில் அந்த வாரம் மாவு இல்லை என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சீனியர் சிஸ்டர் தலையை அசைத்தார், வாங்கு என்று. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். அந்த ஊருக்கு நான் உதவி செய்ய வந்தவள் என்ற நினைப்பு எனக்குள் அன்றோடு போய்விட்டது.

எங்கள் சபையிலிருந்து போன ஒரு பெண் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. முன் மாதிரிப் பேசுவதில்லை, ஆராதனைக்கும் ஒழுங்காக வருவதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
- ஒரு போதகரின் மனைவி, பாளையங்கோட்டை

அம்மா, சாட்சி சொல்லச் சொல்லி மேடையில் ஏற்றாதீர்கள். திரும்பி வந்த புதிதில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள், சிங்கம் பார்த்தாயா என்று கேட்டார்கள். செத்துப்போன பிள்ளைகளை அந்தப் பத்து நிமிஷத்தில் நான் எங்கே வைப்பது? அவளுக்குத் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். அது இரண்டும் சரியில்லை என்றால் ஜெபத்தோடு ஒரு மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள், நானும் போனேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அவளைத் தனியாக வீட்டுக்குக் கூப்பிட்டு, அவள் போனில் இருக்கும் போட்டோக்களைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்நூறு இருந்தாலும் ஐந்நூறையும் பாருங்கள், இது யார், இவர் பெயர் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பெயரைச் சொல்லும்போது அழுவாள். அவசரப்பட்டுப் போனை மூடிவிடாதீர்கள்.