எச்-இண்டெக்ஸ் பார்த்து நெறியாளரைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: மருத்துவ ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்குச் சேரவிருக்கிறேன். இதய நோய்த் துறையில் இருவர் என்னை மாணவியாக ஏற்க முன்வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு நானூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 61. மற்றவருக்கு ஐம்பதுக்கும் குறைவான கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 19. எல்லோரும் முதலாமவரிடமே போகச் சொல்கிறார்கள். இந்த எண்களை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். எச்-இண்டெக்ஸ் 2005ஆம் ஆண்டில் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவுகோல். ஒருவருடைய கட்டுரைகளில் 19 கட்டுரைகள் தலா 19 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டு, இருபதாவது கட்டுரை இருபது மேற்கோள்களை எட்டாதிருந்தால் அவருடைய எண் 19. அந்தப் பத்தொன்பதில் ஒன்று ஐயாயிரம் முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும் எண் மாறாது. இது ஏறுமே தவிர இறங்குவதில்லை என்பதால் மூத்தவர்களுக்கு எப்போதும் சாதகமானது. ஹிர்ஷே இதை உணர்ந்து, முதல் கட்டுரை வெளிவந்ததிலிருந்து கடந்த ஆண்டுகளால் எண்ணை வகுத்துப் பார்க்கலாம் என்றார். ஆகவே இருவரும் எந்த ஆண்டில் எழுதத் தொடங்கினார்கள் என்று தெரியாமல் 61ஐயும் 19ஐயும் அருகருகே வைப்பதில் பொருளில்லை.

இரண்டு எண்களையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். மேற்கோள்களை எண்ணும் தளங்களில் கூகுள் ஸ்காலர், ஆய்வேடுகளையும் இதழில் வெளிவருமுன்னரே இணையத்தில் இடப்படும் முன்அச்சுப் பிரதிகளையும்கூடக் கணக்கில் சேர்க்கும். ஸ்கோப்பஸ் என்ற தளம் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே பார்ப்பதால் அதில் அதே ஆளின் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

உங்களுக்கு உண்மையில் முக்கியமானது, நானூறு கட்டுரைகளில் அவருடைய பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான். மருத்துவத் துறையில் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் முதலிலும், ஆய்வுக்கு வழிகாட்டியவர் கடைசியிலும் இடம்பெறுவது வழக்கம். பல நாடுகளில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளிலும் உலக நோய்ச்சுமை போன்ற பெருங்கணக்கெடுப்புகளிலும் நூற்றுக்கணக்கானவர்கள் ஆசிரியர்களாக இருப்பார்கள். அவற்றுக்கு மேற்கோள்கள் மளமளவென்று குவியும், பட்டியலின் நடுவில் நிற்பவருக்கும் அதே கணக்கு ஏறும். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஏற்றத்தால் அவருடைய மாணவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆண்டுக்கு 72க்கும் மேற்பட்ட கட்டுரைகளில், அதாவது ஐந்து நாளுக்கு ஒன்றுக்கும் மேலாக, பெயர் இடம்பெற்ற ஆராய்ச்சியாளர்களைப் பற்றி ஜான் அயோனிடிஸ் குழுவினர் 2018இல் எழுதினார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவோ, ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவரை ஆசிரியராகக் கருதலாம் என்கிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்த நான்கையும் ஒருவரால் எப்படி நிறைவேற்ற முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் என்பது பாராட்டும் அல்ல. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதை மறுப்பதற்காகவே எடுத்தாண்டவர்கள் ஏராளம், எண்ணிக்கையில் அவையும் மேற்கோள்களே. மறுபுறம், புரதத்தை அளக்கும் முறையை விளக்கி 1951இல் வெளிவந்த லௌரி குழுவினரின் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முறை எடுத்தாளப்பட்டிருப்பதற்குக் காரணம், ஆய்வகங்களுக்கு அந்த முறை அன்றாடம் தேவைப்பட்டதே. ஓர் இதழின் அண்மைக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள்கள் பெறுகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடும் பழக்கத்தை இன்னும் ஒரு படி தள்ளியே வையுங்கள். ஒரு படிகவியல் இதழின் எண் ஒரே ஆண்டில் இரண்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பதுக்குத் தாவியது. ஒரே ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களே அதற்குக் காரணம், அவ்விதழில் எழுதிய மற்றவர்கள் செய்தது எதுவுமில்லை.

இவ்வளவும் சொன்னதால் 19 எண் உள்ளவர்தான் சிறந்தவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குறைவாக எழுதுகிறவர் ஆழமாக எழுதுகிறவராகவும் இருக்கலாம், எழுதுவதையே நிறுத்திவிட்டவராகவும் இருக்கலாம். மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் இருவருடைய கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, அவர்களுடைய பெயர் கடைசியில் உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றில் முதல் ஆசிரியர்கள் அவர்களுடைய மாணவர்களா, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உண்டா என்று பாருங்கள். சிலவற்றின் ஆய்வுமுறைப் பகுதியை ஊன்றிப் படியுங்கள். முதலாமவரிடம் மாணவர் முதலிலும் அவர் கடைசியிலுமாக உள்ள நல்ல கட்டுரைகள் தொடர்ந்து வந்திருந்தால் தயங்காமல் அவரிடம் சேருங்கள். பெரும்பாலானவற்றில் அவர் நடுவில் மட்டுமே இருந்தால், என் சாய்வு இரண்டாமவர் பக்கம்தான்.

முடிவெடுக்கும் முன் இருவரிடமும், அண்மையில் பட்டம் பெற்ற மாணவர்களின் முதல் கட்டுரை, அவர்கள் படிப்பில் சேர்ந்து எத்தனை ஆண்டுகளில் வெளிவந்தது என்று கேளுங்கள். பிறகு அதே கேள்வியை அந்த மாணவர்களிடமும் கேளுங்கள்.