வெப்பக் குழாயின் திரியை மேம்படுத்தத் துளைகளைச் சிறிதாக்கினால் போதுமா?

செப்புத் தூளைச் சூடேற்றி ஒட்டவைத்து, உள்ளே ஆவியாகியும் ஒடுங்கியும் வெப்பத்தைச் சுமக்கும் வேலைத் திரவமாக நீரைக் கொண்ட வெப்பக் குழாய் ஒன்றை இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாகச் செய்யவிருப்பதாகவும், அதன் உட்சுவரில் ஒட்டிய நுண்துளைப் படையான திரியின் துளைகளை இயன்றவரை நுண்ணியதாக்கினால் அது கடத்தும் வெப்பம் கூடும் அல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் சில ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறேன். குழாய் கிடையாக இருக்குமானால், நீங்கள் எண்ணுவதற்கு நேரெதிரான விளைவே கிடைக்கும்.

திரிக்கு இரண்டு கடமைகள் உண்டு. குளிர்ந்த முனையில் ஒடுங்கிய நீரைச் சூடான முனைக்கு இழுக்க வேண்டும்; அந்த நீர் தடையின்றி ஓட வழியும் விட வேண்டும். இழுக்கும் அமுக்கம் துளையின் ஆரைக்கு நேர்மாறானது. ஆகவே தூளின் விட்டத்தை 100 மைக்ரோமீற்றரிலிருந்து 50 ஆகக் குறைத்தால் இழுவை இரட்டிக்கும். ஆனால் நுண்டுளைமை (திரியின் கனவளவில் துளைகளின் பங்கு) மாறாதிருக்க, திரியின் ஊடுபுகவிடுமை, அதாவது நீரைத் தன்னூடாக ஓடவிடும் தன்மை, விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. அது நான்கில் ஒன்றாகிவிடும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், கிடையான குழாய் கடத்தக்கூடிய உச்ச வெப்பம் பாதியாகக் குறைகிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இது புதிதன்று. திரியை இறுக்கி அடைத்தால் மண்ணெண்ணெய் மேலேற முடியாமல் சுடர் சுருங்கும். சற்றுத் தளர்த்திவிட்டால்தான் எழுந்து எரியும்.

சூடான முனை மேலே இருக்கும்போது கணக்கு மாறுகிறது. நுண்ணிய துளைக்கு அங்கேதான் தேவை வருகிறது. 60 பாகை செல்சியசில் நீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு ஏறக்குறைய 0.066 நியூற்றன். நீரை 15 சென்ரிமீற்றர் உயர்த்துவதற்கே சுமார் 1,450 பஸ்கால் செலவாகிவிடும். எஞ்சுவதே ஓட்டத்துக்கு உதவும். ஆவி ஓட்டத்தின் அமுக்க இழப்பை விட்டுவிட்டு உச்சத்தைத் தேடினால் விடை எளிமையாக வருகிறது: இழுவை அமுக்கம் புவியீர்ப்புச் சுமையைப் போல் இரு மடங்காக இருக்கும்படி துளையைத் தெரிவுசெய்ய வேண்டும். மேற்கூறிய உயரத்துக்குத் துளையின் பயனுறு ஆரை ஏறத்தாழ 45 மைக்ரோமீற்றர். கோளத் தூளில் இவ்வாரை விட்டத்தின் 0.21 மடங்கு என்று கொள்ளலாம். ஆகவே தூளின் விட்டம் 200 மைக்ரோமீற்றரை ஒட்டி இருக்க வேண்டும். மண்ணியல் ஆய்வுகூடத்தில் மணல் சலிக்கும் 150, 212 மைக்ரோமீற்றர் அரிதட்டுகளை இரவல் வாங்கி, இரண்டுக்கும் இடையே தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாம் நீர் செம்பை முழுமையாக ஈரமாக்குகிறது என்ற எடுகோளின் மீதே நிற்கின்றன. என் அனுபவத்தில் பெரும்பாலான திரிகள் தோற்றது இங்கேதான். ஒருமுறை உலையிலிருந்து எடுத்த நல்ல திரிகளை, குழாய் மூடிகள் வந்து சேரும்வரை ஒரு கிழமை மேசையில் திறந்து வைத்திருந்தோம். எடுத்த அன்று ஒரு துளி நீர் பட்ட கணத்திலேயே உறிஞ்சப்பட்டிருந்தது. ஒரு கிழமை கழித்து அதே திரியின் மேல் துளி சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. துளைகளில் எந்த மாற்றமும் இல்லை. காற்றிலுள்ள கரிமச் சேர்வைகள் செம்பின் மேற்பரப்பில் படிந்து, நீரின் விளிம்பு செம்போடு ஆக்கும் தொடுகோணத்தைக் கூட்டியிருந்தன. தொடுகோணம் 60 பாகையானால் இழுவை பாதியாகும். 90 பாகையை எட்டினால் இழுவையே இல்லை. ஐந்து சதவீதம் ஐதரசன் கலந்த நைதரசனில் மீண்டும் சூடேற்றிய பின்னரே திரிகள் பழைய நிலைக்கு வந்தன. அன்றிலிருந்து உலையிலிருந்து எடுத்த நாளிலேயே நீரூற்றி, காற்றகற்றி, மூடிவிடுகிறோம். செப்புக் குழாயைக் கொழும்பின் பழைய சோனகத் தெருவில் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் உட்புறத்தை அசற்றோனால் கழுவாமல் தூள் நிரப்பாதீர்கள். சூடான காரக் கரைசலில் செம்பை ஒட்சியேற்றி நுண்ணிய ஒட்சைட்டு இதழ்களை வளர்ப்பதும் ஈரமாதலைப் பெரிதும் கூட்டும். ஆனால் அந்தப் பரப்பும் திறந்து வைத்தால் இதேபோல் கெடும்.

திரியைத் தடிப்பாக்கினால் நீர் ஓடும் பரப்பு கூடும். ஆனால் வெப்பமும் அந்தத் தடிப்பைக் கடந்தே ஆவியாகும் இடத்தை அடைய வேண்டும். நீர் நிறைந்த செப்புத் தூள் திரியின் வெப்பக் கடத்தாறு மீற்றர்-கெல்வினுக்கு 40 வாற்று என்ற அளவில் இருப்பதாகக் கொண்டால், சதுர சென்ரிமீற்றருக்கு 100 வாற்று பாயும் இடத்தில் அரை மில்லிமீற்றர் திரி மட்டுமே 12 பாகை செல்சியசுக்கு மேல் விழுங்கிவிடும். அதனால்தான் ஒரே திரியை முழு நீளத்துக்கும் போடுவதை நான் விரும்புவதில்லை. சூடான முனையில் நுண்ணிய தூளின் மெல்லிய படை. இடைவழியில் பருமனான தூள் அல்லது தவாளிப்பு. இரண்டும் சேரும் இடத்தில் இடைவெளி விழாமல் ஒரே சூடேற்றலில் ஒட்டவையுங்கள்.

குழாயை மூடுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். திரித் துண்டின் நுனியை நீரில் தொடவைத்து, நீர் ஏறுவதைத் தொலைபேசியில் படம்பிடியுங்கள். தொடக்கத்தில் ஏறிய உயரத்தின் வர்க்கம் நேரத்துக்கு விகிதசமமாகக் கூடும். அந்தக் கோட்டின் சரிவு, ஊடுபுகவிடுமையைத் துளை ஆரையால் வகுத்து வரும் பெறுமானத்தைத் தருகிறது. கிடையான குழாயின் உச்ச வெப்பத்தைத் தீர்மானிப்பதும் அதே பெறுமானம்தான். குளிரூட்டிய அறையில் செய்தால் ஏறும் நீர் இடையிலேயே ஆவியாகி அளவைக் குறைத்துக் காட்டும். நமது கொழும்பு ஈரக்காற்றில் யன்னலைத் திறந்துவைத்து, துண்டைக் கண்ணாடிச் சாடியால் மூடிச் செய்யுங்கள். ஒரே தொகுதியில் மூன்று துண்டுகளின் சரிவுகள் ஒத்துவராவிட்டால், தூளை மாற்றுவதற்கு முன் மேற்பரப்பின் தூய்மையைச் சந்தேகியுங்கள்.