எங்கே நடந்தது, ஏன் நடந்தது: கிடங்கின் தரைப்படத்தையும் காரணப் படத்தையும் சேர்ப்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் வரும் வழியில் ஆள் குறுக்கே வந்து மயிரிழையில் தப்பும் சம்பவங்கள் அடிக்கடி பதிவாகின்றன. கட்டட உரிமையாளர் கொடுத்த தரைப்படத்தில் அந்த இடங்களையெல்லாம் சிவப்புப் புள்ளியாகக் குறித்துவிட்டேன். ஏன் நடக்கிறது என்று கட்டங்களும் அம்புக்குறிகளுமாக இன்னொரு படமும் போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே படமாக்கிக் கொண்டு வரச் சொல்கிறார் மேலாளர். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், எனக்கே புரியவில்லை. எந்த மென்பொருள் வாங்கலாம்? ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கமும் எங்களுக்குக் கிடங்குகள் உண்டு, அவற்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். படத்தில் ஊழியர் பெயர்களைப் போடலாமா? (துவாஸ் வாசகி)

பதில்:

மென்பொருளைக் கடைசியில் பார்ப்போம். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

உங்களிடம் இருக்கும் இரண்டு படங்களும் தாளைப் பயன்படுத்தும் விதமே வேறு. தரைப்படத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் தரையில் அது இத்தனை மீட்டர் என்று அர்த்தம். காரணப் படத்தில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே அதே இரண்டு சென்டிமீட்டருக்கு ஓர் அர்த்தமும் கிடையாது, நீங்கள் வரையும்போது அங்கே காலி இடம் இருந்தது, அவ்வளவுதான். இதை அதன் மேல் வைத்தால் பார்ப்பவர் எல்லாவற்றையும் இடமாகவே படிப்பார். 'ஷிஃப்ட் மாற்றம்' என்ற கட்டம் தற்செயலாக 4ஆம் வரிசையின் மேல் போய் உட்கார்ந்தால், ஷிஃப்ட் மாற்றம் 4ஆம் வரிசையில் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார். உங்களுக்கே புரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

தினமும் நாம் பார்க்கும் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட வடிவத்தில் வட்டப் பாதை ஒழுங்கான வட்டமாக இருக்கும், தீவில் நிஜமாக அது ஓடும் தடம் அப்படி இல்லை. இந்த வகைப் படத்துக்கு வழிகாட்டி 1933இல் லண்டனில் வெளிவந்த சுரங்க ரயில் படம், வரைந்தவர் ஹாரி பெக் என்ற வரைவாளர். கோடுகளை நேராக்கி, சாய்வென்றால் 45 பாகை என்று வைத்து, தூரத்தைத் தியாகம் செய்து, எந்த நிலையத்தில் மாறலாம் என்ற தொடர்பை மட்டும் காப்பாற்றினார். தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார், நகரத்தில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிய அது ஒன்றே போதும் என்பதால் என்று நினைக்கிறேன். ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தூரம் தேவையில்லை, எங்கே இறங்கி மாறுவது என்பதுதான் தேவை. ஆகவே அந்தத் தியாகம் சரி.

உங்கள் கிடங்கில் அது சரிப்படாது. ஃபோர்க்லிஃப்ட் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும், ரேக் முனையில் நிற்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவாரா என்பதெல்லாம் மீட்டர் கணக்கு. அதனால் தரைப்படம்தான் முதன்மை. காரணப் படம் அதன் மேல் ஏறாமல் பக்கத்தில் நிற்கட்டும், இரண்டிலும் ஒரே குறியீடுகள் இருக்கட்டும். 'ஒரே படம்' என்று மேலாளர் கேட்பது பெரும்பாலும் 'ஒரே தாள்' என்ற அர்த்தத்தில்தான், அதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் வேலை, தரைப்படத்தை இளைக்க வைப்பது. உரிமையாளர் கொடுத்ததில் குழாய், தூண் எண், அளவுக் கோடு என்று உங்களுக்கு வேண்டாத ஆயிரம் விஷயம் இருக்கும். சுவர், ரேக், கதவு, சரக்கு இறக்கும் மேடை, ஃபோர்க்லிஃப்ட் பாதை, நடைபாதை, பேட்டரி சார்ஜ் செய்யும் இடம் போதும். கூடவே கழிப்பறை, சாப்பிடும் இடம், தண்ணீர் இயந்திரம் இவற்றைக் கட்டாயம் வையுங்கள், ஏனென்றால் கால்கள் அங்கேதான் போகும், குறுக்கு வழி பிறப்பதும் அங்கேதான். சுவரில் மாட்டியிருக்கும் தீ வெளியேற்றப் படத்தின் மேல் மட்டும் எதையும் வரையாதீர்கள், அது வேறு வேலைக்கானது, சுத்தமாகவே இருக்க வேண்டும். பிறகு அளவு நாடாவோடு ஒரு நடை போய்ச் சரிபாருங்கள். படம் வரைந்த பிறகு ரேக்குகள் இடம் மாறாத கிடங்கை நான் பார்த்ததில்லை.

இடங்களுக்குப் பெயர் வைக்கும்போது ரேக்கில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் எண்ணையே எடுங்கள். ஆட்கள் வாய்வழக்கில் ஒரு பெயர் இருந்தால், 'பழைய மேடை', 'ஐஸ் மெஷின் முக்கு' என்று ஏதாவது, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். சம்பவப் படிவத்தில் அவர்கள் எழுதப்போவது அந்தப் பெயரைத்தான்.

அடுத்து காரணப் படம். கட்டங்கள் இருக்கின்றன என்கிறீர்கள், அம்புகளின் மேல் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஒன்றும் இல்லை என்றால் அந்தப் படம் பாதிதான் முடிந்திருக்கிறது. 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கிய கருத்துப் படத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல் இருக்கும், கட்டம், கோடு, கட்டம் என்று சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வரும். உதாரணமாக, கன்டெய்னர் தாமதமாவதால் இரண்டு லாரிகள் ஒரே நேரத்தில் மேடைக்கு வருகின்றன, இடம் போதாமல் பேலட்டுகளை (சரக்கு அடுக்கும் தட்டுகளை) நடைபாதையில் இறக்குகிறார்கள், நடைபாதை அடைபட்டதால் ஆட்கள் ஃபோர்க்லிஃப்ட் பாதையில் நடக்கிறார்கள். இப்படி வாயால் சொல்லிப் பார்க்கும்போது எந்த அம்பு வெறும் ஊகம் என்று உடனே தெரிந்துவிடும்.

இப்போது இணைப்பு. இதில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: இதைத் தரையில் விரலால் காட்ட முடியுமா? முடியும் என்றால் (நடைபாதையில் பேலட், மேடையில் நெரிசல்) கட்டத்துக்கு ஓர் எழுத்து கொடுத்து, அதே எழுத்தைத் தரைப்படத்தில் அந்த இடத்தில் வையுங்கள். காட்ட முடியும், ஆனால் அது ஒரு புள்ளி இல்லை, ஒரு வழி என்றால் கோடாக வரையுங்கள். ஓர் ஆள் ஒரு ஷிஃப்ட் முழுக்க நடந்த தடத்தை அப்படியே கோடாக இழுத்தால் வருவதைத் தொழிற்சாலைக்காரர்கள் ஸ்பகெட்டி படம் என்பார்கள், அது ஒன்று இருந்தாலே பாதி பேச்சு மிச்சம். விரலால் காட்டவே முடியாதவையும் இருக்கும்: கன்டெய்னர் தாமதம், லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் அட்டவணை, புது ஆளுக்குப் பயிற்சி தராதது. இவற்றைச் சுவருக்கு வெளியே, தாளின் ஓரத்தில் வரிசையாக நிறுத்துங்கள். அங்கிருந்து எந்த எழுத்தைப் பாதிக்கிறதோ அதற்கு ஒரு மெல்லிய கோடு. கோடுகள் அதிகமாகிப் பின்னிக்கொண்டால் கோட்டை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் அந்தக் கட்டத்துக்குள் எழுதினாலும் போதும்.

மேலாளர் கவனிக்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான். புள்ளிகள் 4ஆம் வரிசை முனையில் குவிந்திருந்தால் எல்லோருக்கும் அங்கே ஒரு குவி கண்ணாடி மாட்டத் தோன்றும், மாட்டலாம், தப்பில்லை, ஆனால் லாரி அட்டவணை மாறாத வரை பேலட் நடைபாதைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். வெறும் புள்ளி வரைபடம் இடத்தின் மேல் பழி போடும். காரணப் படம் பக்கத்தில் நின்றால்தான் அட்டவணை போடும் மேசையும் கண்ணில் படும்.

புள்ளிகளைப் படிப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். 1854இல் லண்டன் சோஹோவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளை வரைபடத்தில் குறித்து, அவை பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் காட்டிய கதை பலருக்கும் தெரியும். காலரா தண்ணீரில் பரவுகிறது என்ற கருத்து அவரிடம் முன்பே இருந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய ஒருவர் அதே புள்ளிகளைப் பார்த்து, அங்கே காற்று மோசம் என்று சொல்லியிருக்க முடியும். ஸ்னோ புள்ளி இல்லாத இடங்களையும் பார்த்தார். பிராட் தெருவிலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள், அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. பின்னால் வந்த வரைபடத்தில் எந்தப் பம்பு கிட்டத்தில் இருக்கிறது என்பதை நடக்கும் தூரத்தால் கணக்கிட்டு எல்லைக்கோடும் போட்டார். உங்களுக்கும் அதேதான்: ரேக்குகளைச் சுற்றி நடக்கும் தூரத்தை எடுங்கள், பறக்கும் தூரத்தை அல்ல. புள்ளியே இல்லாத மூலைகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். இரவு ஷிஃப்டில் ஒரு புள்ளிகூட இல்லை என்றால் அங்கே பாதுகாப்பு அருமை என்று அர்த்தமா, படிவம் நிரப்ப ஆளில்லை என்று அர்த்தமா? 4ஆம் வரிசையில் புள்ளி அதிகம் என்றால், போக்குவரத்தே அங்கேதான் அதிகமா? ஒரு மணி நேரத்தில் எத்தனை ஃபோர்க்லிஃப்ட் கடக்கிறது என்று எண்ணாமல் இதற்குப் பதில் வராது. காலையும் மாலையும் வேறு வேறு மாதிரி இருந்தால் இரண்டு சிறிய படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஒரே படத்தில் நிறம் மாற்றிக் காட்டுவதைவிட அது எளிதாகப் புரியும்.

நிறம் என்றதும் நினைவுக்கு வருகிறது, சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பாதீர்கள். ஆண்களில் அந்த வித்தியாசம் தெரியாதவர்கள் உண்டு, தவிர யாராவது கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துத்தான் ஒட்டுவார்கள். வடிவத்தையும் மாற்றுங்கள். தமிழ், வங்காளம், சீனம் பேசும் ஆட்கள் ஒரே தளத்தில் நிற்கும்போது நீண்ட வாக்கியம் யாருக்கும் உதவாது. எண், எழுத்து, ஐஎஸ்ஓ 7010 என்ற சர்வதேசத் தரத்தின் எச்சரிக்கைச் சின்னங்கள் போதும். சுவரில் மாட்டும்போது வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, படத்தின் முன் நிற்பவருக்கு எதிரே இருப்பது படத்தில் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓர் அண்ணனை நிறுத்தி, 'இப்போது நாம் எங்கே நிற்கிறோம்?' என்று கேளுங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் என்றால் படத்தைத் திருப்புங்கள்.

ஜூரோங், உட்லண்ட்ஸ் விஷயம் வேறு. மூன்று கிடங்கையும் ஒரே அளவில் ஒரே தாளில் காட்டினால் கட்டடம் எறும்பளவுதான் தெரியும். அங்கே எம்ஆர்டி பாணிப் படமே போதும்: எந்தக் கிடங்கிலிருந்து எதற்குச் சரக்கு போகிறது, எங்கே தாமதமாகிறது என்று. சரியான இடம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் இணைய வரைபடம் இலவசம், அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் இடம் கிடைக்கும். இரண்டு பொறிகள் உண்டு. நகர மையத்து முகவரிகளின் ஆறு இலக்கக் குறியீடு பூஜ்யத்தில் தொடங்கும், வாடிக்கையாளர் முகவரிகளையும் சேர்த்தால் எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும், அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, குறியீடு கட்டடத்துக்கானது, வாசலுக்கானது அல்ல. பெரிய கிடங்கில் புள்ளி ஓரிடத்தில் விழும், லாரி போக வேண்டிய மேடை பின்பக்கம் இருக்கும்.

சரி, மென்பொருள். ஒரு கிடங்குக்கு பவர்பாயின்ட்டோ டிரா.ஐஓவோ போதும், தரை, பாதை, புள்ளி, எழுத்து என்று அடுக்குகளைத் தனித்தனியாக வைத்து வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். காரணப் படத்துக்கு சிமேப்டூல்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் மூன்று கிடங்கையும் உண்மையான இடத்தில் வைக்கும்போதுதான் தேவைப்படும். அப்போது ஆயத்தொலை அமைப்பாக சிங்கப்பூருக்கான எஸ்விஒய்21ஐ (பட்டியலில் அதன் குறியீடு ஈபிஎஸ்ஜி 3414) தேர்ந்தெடுங்கள், உரிமையாளரின் கணினி வரைபடக் (CAD) கோப்பும் அதில் வரையப்பட்டிருந்தால் நேராக வந்து உட்காரும். இதற்கெல்லாம் முன்னால் ஏ3 தாளும் ஒளி ஊடுருவும் தாளும் எடுத்துக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

படத்தின் மூலையில் தேதி போடுங்கள். இடர் மதிப்பீட்டைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது இங்குள்ள விதி, விபத்து நடந்தாலோ வேலைமுறை பெரிதாக மாறினாலோ அதற்கு முன்பே செய்ய வேண்டும். ரேக் நகர்ந்த அன்றே படமும் மாறினால் அந்த வேலை சுலபம்.

ஊழியர் பெயர்கள் வேண்டாம். சுவரில் தொங்கப்போகும் தாள் அது. 'ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்', 'சரக்கு எடுப்பவர்' என்று வேலையைப் போடுங்கள். ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் பெயர் வந்துவிட்டால் அடுத்த மாதம் யாரும் படிவத்தைத் தொட மாட்டார்கள், அப்புறம் வரைவதற்குப் புள்ளியே இருக்காது.