இளம் ஆய்வாளருக்குப் பரிசு எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணன் மகள் ஜெர்மனியில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஜெர்மன் இயற்பியல் கழகம் இளம் ஆய்வாளர்களுக்கு மேடை அமைத்துக் கொடுப்பதையும், ஆய்வேட்டுக்கென்றே பரிசு தருவதையும், பெண்களுக்குத் தனிப் பரிசு வைத்திருப்பதையும் பெருமையாகச் சொன்னாள். உண்மையைக் கண்டறிவதே அறிவியலாளருக்குப் பரிசு இல்லையா? இந்த வயதில் பதக்கம் மாட்டினால் தலைக்கனம்தானே வரும்? பெண்களுக்குத் தனிப் பரிசு என்பது சலுகை ஆகாதா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தலைக்கனம் வருகிறவருக்குப் பரிசு இல்லாமலும் வரும். அந்தப் பழியைப் பதக்கத்தின் மேல் போட வேண்டாம்.

அந்தக் கழகத்தைத் தொடங்கியவர்களே இளைஞர்கள்தான். பெர்லினில் பேராசிரியர் குஸ்டாவ் மாக்னுஸ் தன் வீட்டில் நடத்திய விவாதக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆறு பேர், 1845 ஜனவரியில் அதைத் தோற்றுவித்தார்கள். ஒருவருக்கும் முப்பது வயது ஆகியிருக்கவில்லை. இரண்டரை ஆண்டு கழித்து, 1847 ஜூலை 23 அன்று, பாட்ஸ்டாமில் ராணுவ மருத்துவராக இருந்த 25 வயது இளைஞர் ஒருவர் அவர்கள் முன் ஒரு கட்டுரை வாசித்தார். ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்பதைக் கணிதமாக நிறுவிய கட்டுரை. அவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதே கட்டுரையை அன்றைய முதன்மையான இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். புதிய சோதனை எதுவும் இல்லாத வெறும் கோட்பாடு என்று ஆசிரியர் போகன்டார்ஃப் ஏற்க மறுத்தார். கடைசியில் அது தனிப் பிரசுரமாகத்தான் அச்சேறியது. மூத்தவர்கள் முகம் சுளித்தபோது, கட்டுரையைத் தூக்கிப் பிடித்தவர்கள் அந்த இளவட்டத்து நண்பர்களே. அன்று பரிசு எதுவும் இல்லை. காது கொடுத்துக் கேட்க ஓர் அறை இருந்தது.

இன்று அந்த அறை மிகப் பெரிதாகிவிட்டது. கழகத்தின் வசந்தகால மாநாடுகளில் முனைவர் பட்ட மாணவர்கள் ஆளுக்குக் கால் மணி நேரம்போலப் பேசுகிறார்கள். நீங்கள் சொல்லும் ஆய்வேட்டுப் பரிசும் மூடிய அறைக்குள் முடிவாவதில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் மாநாட்டில், தம் துறையைச் சேராதவர்களுக்கும் புரியும்படி, எல்லோர் முன்னிலையிலும் உரையாற்ற வேண்டும். அதன் பிறகே நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். தோற்றவரின் ஆய்வையும் அத்தனை பேர் கேட்டுவிடுகிறார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது.

பரிசு சீக்கிரம் வருவதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. அங்கே முனைவர் பட்டத்துக்குப் பின் கிடைப்பவை பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமான ஒப்பந்த வேலைகள். நிரந்தர இடங்கள் மிகக் குறைவு. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடினால் உதவும் காலம் அது. ஜெர்மன் இயற்பியலாளர் கிளாஸ் ஃபான் கிளிட்சிங் 1980 பிப்ரவரியில், பிரான்சின் கிரெனோபிள் நகரக் காந்த ஆய்வகத்தில் குவாண்டம் ஹால் விளைவைக் கண்டார்; கடுங்குளிரிலும் வலுவான காந்தப் புலத்திலும் ஒருவகை மின்தடை படிப்படியாக மாறுவதுதான் அது. இளம் ஆய்வாளர்களுக்குக் கழகம் தரும் வால்டர் ஷாட்கி பரிசு அடுத்த ஆண்டே வந்தது, நோபல் 1985இல். நோபல் வாங்கியவருக்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை; அது வேண்டியிருப்பது அதற்கு முன்புதான்.

என் குறை வேறு. இத்தகைய பரிசுகளுக்குப் பெரும்பாலும் இன்னொருவர் முன்மொழிய வேண்டும். வழிகாட்டிக்கு அக்கறை இல்லாவிட்டால் நல்ல ஆய்வேடும் அலமாரியிலேயே கிடக்கும். உங்கள் அண்ணன் மகளை வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

சலுகை என்றீர்கள். பெண்களுக்கான அந்தப் பரிசு ஹெர்தா ஸ்போனர் பெயரில் உள்ளது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1920இல் இயற்பியலாளர் பீட்டர் டிபையிடம் முனைவர் பட்டம் பெற்று, பிறகு இன்னோர் இயற்பியலாளரான ஜேம்ஸ் பிராங்கிடம் பணியாற்றியவர். யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கிய நாஜிகளின் சட்டத்தை எதிர்த்து பிராங்க் 1933இல் பதவி விலகினார். பெண்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒதுக்கிய அந்த ஆட்சியில் ஸ்போனருக்கும் எதிர்காலம் இல்லாமல் போயிற்று. ஆஸ்லோவுக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அதே டிபைதான் 1938 டிசம்பரில், கழகத் தலைவராக, யூத உறுப்பினர்களை விலகச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்திட்டார். ஸ்போனர் பெயரில் பரிசு தொடங்க 2002 ஆகிவிட்டது. ஏன் இத்தனை தாமதம் என்று நீங்கள் கேட்டிருந்தால், நானும் சேர்ந்து கேட்டிருப்பேன்.