படுக்கையில் விழித்துக் கிடப்பவர்களுக்கு

கேள்வி: எனக்கு வயது 52. வேலைகளை முடித்துவிட்டு இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். ஆனாலும் 12 மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். 3 மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் வெகுநேரம் தூக்கம் பிடிப்பதில்லை. விடியும்போது கண்ணயர்ந்து 8 மணிக்குத்தான் எழுகிறேன். மதியம் 2 மணி நேரம் தூங்கி ஈடுகட்டுகிறேன். உறவினர் ஒருவர் தாம் போடும் தூக்க மாத்திரையைத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், அம்மா. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை மற்றவர் போடுவது ஆபத்தானது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகி, திடீரென நிறுத்தும்போது முன்பைவிட மோசமான தூக்கமின்மையைக் கொண்டுவரக்கூடியவை. நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக எழும் முதியவர்கள் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கும் இவை காரணமாகின்றன.

உங்கள் கடிதத்தில் மாத்திரையைவிட முக்கியமாக எனக்குப் பட்டது நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்கு. இரவில் 11 மணி நேரம், மதியம் 2 மணி நேரம் என நாளில் 13 மணி நேரம் படுக்கையில் கழிகிறது. பெரியவர்களுக்குத் தேவையான தூக்கமோ 7 மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல். மிச்ச நேரம் விழித்துக் கிடப்பதாகவே போகும். தூக்கம் குறைந்த எல்லாருமே முன்னதாகப் படுத்தும் தாமதமாக எழுந்தும் ஈடுகட்டத்தான் பார்க்கிறார்கள். அந்த முயற்சியே தூக்கமின்மையை மாதக்கணக்கில் நீட்டித்துவிடுகிறது என்பதுதான் இதில் வருத்தமான செய்தி.

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது போதிய அளவு சேர்ந்தால்தான் ஆழ்ந்த உறக்கம் பிடிக்கும். மாலையில் பலகாரம் சாப்பிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பசி எடுக்காததுபோல, மதியம் நெடுநேரம் தூங்கினால் அந்தச் சேர்மானம் கரைந்துவிடும். காபியில் உள்ள கஃபைன் அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. குடித்து 5 மணி நேரம் ஆன பின்னும் ஏறக்குறையப் பாதி கஃபைன் உடலில் இருக்கும் என்பதால், மாலைக் காபியைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள். அடினோசினுடன் சேர்ந்து இயங்குவது, தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் வகுக்கும், மூளைக்குள் இருக்கும் உயிர்க்கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் படுவதைக் கொண்டே அது தன்னை அன்றாடம் திருத்திக்கொள்கிறது. எனவே முதலில் நிலைப்படுத்த வேண்டியது எழும் நேரத்தைத்தான்.

இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலை 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகும் சிறிது நேரம் வெளியிலேயே இருந்து, வெளிச்சம் கண்ணில் படும்படி நடந்துவிட்டு வாருங்கள். மதியத் தூக்கத்தை விட்டுவிடுங்கள். முடியவே இல்லையென்றால் 3 மணிக்கு முன்பாக 20 நிமிடம் மட்டும் கண்ணயரலாம். இரவு 11 மணிக்கு முன் படுக்க வேண்டாம். படுத்தும் தூக்கம் வரவில்லை என்று மனம் சலிக்கத் தொடங்கியதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய், மங்கலான விளக்கில் பூண்டு உரிப்பது, துணி மடிப்பது போன்ற பரபரப்பில்லாத வேலை எதையாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று மூளை மறுபடி பழகுவதற்கான இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்தார். இது உள்ளிட்ட நடத்தைச் சிகிச்சையையே நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது.

முதல் வாரம் அசதி கூடவே செய்யும். அதைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள். படுத்ததும் தூக்கம் வருவது வழக்கமான பிறகு, படுக்கும் நேரத்தைக் கால் கால் மணி நேரமாக முன்னே கொண்டுவரலாம். வலிப்பு நோயோ, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இப்படித் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது. 3 மணிக்கு விழிக்கும்போது உடல் தகித்து வியர்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அது பலருக்கு உண்டு. அதற்குத் தனியே சிகிச்சையும் உண்டு.

கேள்வி: ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் காலை 8 மணிக்கு வீடு திரும்பிப் படுத்தால் 4 மணி நேரம்கூடத் தூங்க முடிவதில்லை. எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது, எடையும் கூடுகிறது. என்ன செய்வது?
- வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கோபத்துக்கும் எடைக்கும் தூக்கக் குறைவு ஒரு முக்கியமான காரணமாக இருக்கக்கூடும். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை, சின்ன எரிச்சலைக்கூடத் தாங்கும் பொறுமை போய்விடுகிறது. நீங்கள் படுக்கும் நேரத்தில் உயிர்க்கடிகாரம் உடலை எழுப்பிக்கொண்டிருப்பதால், ஒரே மூச்சில் 7 மணி நேரம் தூங்க முடியாது என்பதை வீட்டார் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் 5 மணி நேரம், வேலைக்குக் கிளம்புமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் எனப் பிரித்துத் தூங்கிப் பாருங்கள். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி போடுங்கள். நீங்கள் தூங்கும் நேரத்தில் குக்கர் விசிலும் அழைப்பு மணியும் ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு. கண் செருகும் நிலையில் பைக்கை எடுக்காதீர்கள், கம்பெனி பஸ்ஸிலேயே வாருங்கள்.

காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் மாறினால் உடலுக்கு ஓரளவு எளிது. எதிர்த் திசையில் மாறுவது கடினம். உங்கள் ஆலையில் அப்படி மாறுகிறது என்றால் தொழிலாளர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் பேசுங்கள். இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய காரணியாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கும்போது, இதைத் தொழிலாளியின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

கேள்வி: என் கணவர் படுத்த மறுநிமிடமே குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார். ஆனாலும் பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்குகிறார். இது சோம்பலா?
- வாசகி, ஈரோடு

பதில்: சோம்பல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஓர் இரவு பக்கத்தில் விழித்திருந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறது என்றால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்புகிறது; காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. சிகிச்சையில்லாமல் விட்டால் ரத்த அழுத்தமும் மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடும். உங்கள் செல்போனில் அந்த ஒலியைப் பதிவு செய்துகொண்டு நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். தூக்கப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவி நல்ல பலன் தரும். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும், மதுப் பழக்கம் இருந்தால் விடுவதும் அவசியம். சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் தீரும்வரை அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.