கடலுக்குப் போன அப்பா

அன்புள்ள ஐயா,

காசிமேட்டில் மாலை டியூஷன் எடுக்கிறேன். ஏழாவது, எட்டாவது பிள்ளைகள். கிராமர் எல்லாம் சரியாக எழுதுகிறார்கள், பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. போன வாரம் ஒருவன் 'யெஸ்டர்டே மை ஃபாதர் கோ டு சீ' என்று ஆரம்பித்தான். 'வென்ட்' என்றேன். உட்கார்ந்துவிட்டான். திருத்தாமல் விட்டால் தப்பே பழகிவிடாதா?

- ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

கடலுக்குப் போன அப்பாவுக்கு என்ன ஆயிற்று? வலை அறுந்ததா, வஞ்சிரம் மாட்டியதா? உங்களுக்கும் தெரியாமல் போய்விட்டதே!

முதலில் அவன் சொல்லி முடிக்கட்டும். தப்பைத் தாளில் குறித்துவைத்து, எல்லோரும் பேசியபின், யாருடையது என்று சொல்லாமல் இரண்டு மூன்றை மட்டும் போர்டில் எழுதித் திருத்துங்கள். 'ஓ, ஹி வென்ட் டு சீ?' என்று நாமே சரியாகத் திருப்பிச் சொல்லலாம்தான். ஆனால் கனடா வகுப்பறைகளைப் பார்த்து லிஸ்டரும் ரான்டாவும் 1997-இல் எழுதிய ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் செய்தது இதைத்தான். பிள்ளைகள் மிகக் குறைவாகக் காதில் வாங்கியதும் இதைத்தான். அதனால் போர்டு வேண்டும்.

அப்புறம், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவையுங்கள். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் பரவலாக்கிய பயிற்சி இது. ஒருவர் ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் சொல்ல வேண்டும்: முதல் ஆளிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, கடைசி ஆளிடம் 2. என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் வார்த்தை தேடித் தடுமாறுவது குறைகிறது. கேட்பவர் புதியவர் என்பதால் சொல்பவருக்கும் சலிப்பதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு 4 நிமிடம் ஜாஸ்தி. 2, ஒன்றரை, 1 என்று வையுங்கள்.

'பொல்யூஷன்', 'மை ஸ்கூல்' எல்லாம் வேண்டாம், மனப்பாடக் கட்டுரைதான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் என்ன நடக்கும்? கேரமில் ரெட்டைப் போட்டு ஃபாலோ விழாவிட்டால் என்ன ஆகும்? இதெல்லாம் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நடுவே 'ஏலம்' என்று தமிழில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

நோட்டில் சிவப்பு மை இல்லையே என்று பெற்றோர் கேட்பார்கள். ஞாயிறு மீன் மார்க்கெட் கூட்டம், வேறொரு நாள் வரச்சொல்லி முதல் சுற்றையும் மூன்றாவது சுற்றையும் கேட்கவையுங்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கும் வித்தியாசம் காதில் விழும்.