பலத்த காற்று அடிக்கும் பாலைவன கோல்ஃப் மைதானத்தில் எப்படி ஆடுவது?

கேள்வி கேட்டவர் பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்துக்காரர், வேலை கிடைத்து கத்தார் போகிறார். கோல்ஃப் ஓரளவு ஆடுவாராம். அங்கே சுற்றிலும் மணலும் பாறையும், காற்று வேறு ஆளைத் தள்ளும் என்று கேள்விப்பட்டுக் கொஞ்சம் கலங்கியிருக்கிறார்.

நான் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை. கோயம்புத்தூர் செட்டிபாளையம் மைதானத்தில் ஆடிப் பழகி, அப்புறம் வளைகுடாவில் சில வருடம் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவன். நீங்கள் கலங்கவே வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வழியில் பிறந்தவர்கள் நாம். ஆடியில் மேற்கேயிருந்தும், மார்கழி தையில் கிழக்கேயிருந்தும் அடிக்கிற காற்றில் வளர்ந்திருக்கிறோம். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் ஓடுவதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும்: எதிர்க்காற்றில் ஓங்கி அடிக்கக் கூடாது. காற்று தடுக்கிறது, அதனால் இன்னும் பலமாக அடிப்போம் என்றுதான் கை துடிக்கும். ஆனால் பந்து பறப்பது பின்சுழற்சியால், அதாவது அது பின்பக்கமாகச் சுழல்வதால். எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு சுழற்சி ஏறும். சுழல்கிற பந்தின் மேல் எதிர்க்காற்றும் மோதினால் அது இன்னும் மேலே எழும்பும். பட்டம் மாதிரி உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டு, நேராகக் கீழே விழும். நல்ல அடிதான், ஆனால் பாதித் தூரத்தில் மணலுக்குள் கிடக்கும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். 7 அயர்ன் மட்டை எடுக்கிற இடத்தில் 5 அயர்ன் எடுங்கள் (எண் குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும்), காற்று கடுமையாக இருந்தால் 4 கூட எடுக்கலாம். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, பந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வலது காலை ஒட்டி வைத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள். அடித்து முடிக்கும்போது கை நெஞ்சு உயரத்திலேயே நிற்கட்டும். பந்து தாழ்வாகப் போய், தரையில் பட்டு ஓடும்.

தூரக் கணக்குக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கிற மனக்கணக்கு ஒன்று உண்டு. எதிர்க்காற்று மணிக்கு 1 மைல் கூடினால் தூரத்தில் 1 சதவீதம் கூட்டிக்கொள், பின்காற்றுக்கு அதில் பாதியைக் கழித்துக்கொள். 20 மைல் எதிர்க்காற்றில் 150 கஜம் என்பது 180 ஆகிவிடும். அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் 135. காற்று பறிப்பது அதிகம், கொடுப்பது குறைவு.

காற்றை எங்கே பார்ப்பது? புல்லைக் கிள்ளித் தூவினால் தரையருகே உள்ள காற்று மட்டும்தான் தெரியும். செட்டிபாளையத்தில் மட்டைப் பை சுமக்கும் வயதான கேடி ஒருவர் எனக்குச் சொல்வார்: "கீழ பாக்காத கண்ணு, தென்ன உச்சியப் பாரு. பந்து அங்கதான போகுது." வளைகுடாவில் தென்னைக்குப் பதில் பேரீச்சை, கொடிக்கம்பம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பாலைவன மைதானம் எங்கே கஷ்டப்படுத்தும்? புல் இருப்பது தண்ணீர் விட்டு வளர்த்த பட்டையில் மட்டும்தான். அதைத் தாண்டினால் மணல், பாறை, முள். பல குழிகளில் டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கிற மேடையிலிருந்து, முதல் புல்வரைக்கும் மணலைத் தாண்டியே அடிக்க வேண்டியிருக்கும், அங்கே உருட்டி விடுகிற வேலை நடக்காது. காற்று பலமாக இருக்கும் நாளில் ஒரு டீ முன்னால் போய் ஆடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பக்கக்காற்றில் பந்தை எதிர்ப்பக்கமாக வளைத்து அடிக்கப் பார்க்காதீர்கள். காற்று வருகிற பக்கம் குறிவைத்து விட்டால், காற்றே நடுவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பந்து பாறை இடுக்கில் சிக்கினால் வீரம் வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். ஒரு தண்டனை அடியை ஏற்று, குழிக்கு நெருங்காமல் இரண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள் பந்தைப் போட்டு ஆடலாம். இன்னொன்று, பங்கருக்கு (மைதானத்தில் தடையாக அமைத்த மணல் பள்ளம்) வெளியே இருக்கும் பாலைவன மணல் பங்கர் ஆகாது. பங்கரில் போல் இல்லாமல், அங்கே அடிக்கும் முன் பந்துக்குப் பின்னால் கிளப்பை மணலில் லேசாக வைக்கலாம்.

கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, வந்த பிறகும் காற்று விடாது. பந்தின் வழியில் மாவு சலித்த மாதிரி மெல்லிய மணல் படிந்திருக்கும், அதைத் துண்டாலோ கையாலோ தாராளமாகத் துடைத்துவிடலாம். இந்தச் சலுகை கிரீனில் மட்டும்தான். நீங்கள் குனிந்து நிற்கும்போதே பந்து ஆடும், சில நேரம் நகர்ந்தும் விடும். 2019 விதிகளின்படி, பந்தை ஒருமுறை எடுத்துத் திரும்ப வைத்த பிறகு காற்று நகர்த்தினால், தண்டனை இல்லாமல் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். எடுத்து வைப்பதற்கு முன்பே நகர்ந்திருந்தால், நின்ற புது இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். அதனால் காற்று நாளில் கிரீனுக்கு வந்ததுமே பந்தைக் குறியிட்டு எடுத்து, திரும்ப வைத்துவிடுங்கள். பந்தை உருட்டுகிற பட்டர் மட்டையைப் பிடிக்கும்போது கால்களை அகல வைத்து, உடம்பைத் தாழ்த்தி நில்லுங்கள்.

தோஹா காற்று நம்மைப் போன்றவர்களை மட்டும் படுத்துவதில்லை. 2012 கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் காற்றால் ஒரு நாள் ஆட்டமே போய், 72 குழிகள் 54 ஆகச் சுருங்கின. ஜெயித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் பால் லாரி. 1999-இலும் அவர் அங்கே ஜெயித்தவர்தான். கடற்காற்றில் ஆடி வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்த மைதானம் இரண்டு முறை வசப்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கிளம்புவதற்கு முன் மார்கழி தையில் செட்டிபாளையத்தில் சில நாள் ஆடிவிட்டுப் போங்கள். நம் கிழக்குக் காற்று வறண்ட காற்று, அங்கே அடிப்பதும் அந்த ஜாதிதான். 5 அயர்னை முக்கால் வீச்சில் அடித்துப் பழகுங்கள், தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையைத் தொட வேண்டாம். அங்கே போனதும் காலையில் ஆட்டம் தொடங்குகிற முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஷமால் என்கிற அங்குள்ள வடமேற்குக் காற்று பெரும்பாலும் வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். கண்ணாடியும் ஈரத்துண்டும் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் கிளப் முகத்தில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு அடியுங்கள்.